காலித் தொட்டிலின் மூச்சு

செல்வப்பிரியா பயந்த சுபாவம் உள்ளவள். அதை அவள் மறைப்பதும் இல்லை. தோப்பில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தால் பாதி வழியில் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்ப்பாள். பரீட்சை எழுதிய காலத்தில், விடைத்தாளில் எழுதிய பதிவெண்ணின் ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் தொட்டுச் சரிபார்த்த பிறகுதான் முதல் கேள்வியைப் படிப்பாள். "இவ இழுத்து இழுத்துப் பாக்கறதுலயே என்ற ஊட்டுப் பூட்டு தேஞ்சு போச்சுங்க" என்று அம்மா பெரியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பயம் ஒரே ஒரு முறை, நான்கு நாட்கள், அவளை விட்டுப் போயிருந்தது. இது அந்த நான்கு நாட்களின் கதை.

வீடு மலையாள எல்லைக்குள் தமிழ் பேசுகிற ஊரான பெருமாட்டியில். நாலு பக்கமும் தென்னை. அப்பா அர்த்தநாரி தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் மோகனசுந்தரம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான். செல்வப்பிரியா பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். அதற்குப் பிறகு மலையாளமும் ஆங்கிலமும் கலந்து வந்து மிரட்டிய வகுப்புகளில் தட்டுத் தடுமாறி மேலே வந்து, இருபத்தெட்டு வயதில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். என்ன ஆய்வு என்று யாராவது கேட்டால் பெரியம்மாள், "தகட்டுல கோடு கிழிக்கற படிப்புங்க" என்பாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற பெண் போலிருக்கிறது என்று அவர்கள் எழுந்து போனார்கள்.

அம்மா சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு பலகை. அதன் மேல் மெல்லிய செம்புப் படலம். அந்தச் செம்பை எந்த வடிவத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது அலைகளை அனுப்பும், வாங்கும். அதுதான் ஆண்டெனா. சாதாரண ஆண்டெனா ஏதாவது ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் கேட்கும். செல்வப்பிரியா செய்தது மூன்று கிகாஹெர்ட்ஸிலிருந்து பத்தரை வரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கிற வகை. அவ்வளவு அகலமாகக் கேட்டால்தான் மிக மிகச் சிறிய அலைத் துடிப்பை அனுப்பி, அது எதன் மேலாவது பட்டுத் திரும்புவதைத் துல்லியமாக அளக்க முடியும். ஒரு மனிதரின் நெஞ்சு அரிசி கனத்துக்கு உயர்ந்து தாழ்ந்தாலும், தொடாமலேயே, எட்ட இருந்து அது தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் கேட்கிற காதுக்கு ஒரு தொல்லை உண்டு. கூச்சலையும் அது கேட்கும். இன்றைக்கு எந்த வீட்டிலும் இருக்கிற வைஃபை, ஐந்தரை கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. கோயில் நோம்பிக்குக் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதைக் கேட்கிற மாதிரிதான். தனியாக வடிகட்டி வைத்தால் கருவி பெரிதாகிவிடும். அதனால் செல்வப்பிரியா செம்புக்குள்ளேயே 'ப' எழுத்தின் வடிவில் ஒரு மெல்லிய பிளவை வெட்டினாள். மொத்த நீளம் பதினாறு மில்லிமீட்டர் சொச்சம். அந்த ஒரு அலைவரிசை வரும்போது பிளவின் இரண்டு பக்கமும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடி ஒன்றை ஒன்று அழித்துவிடும். மற்ற எல்லாம் கேட்கும், அங்கே மட்டும் ஆண்டெனா செவிடாகிவிடும். பிளவு நீண்டால் செவிட்டு இடம் கீழே இறங்கிவிடும், குறைந்தால் மேலே ஏறிவிடும். சரியான நீளத்தைப் பிடிக்க அவளுக்கு இரண்டு வருடமும் பதினேழு பலகையும் ஆயின.

பதினேழாவது பலகை சரியாக வந்த மாதத்தில் அண்ணி தேன்மொழிக்கு எட்டாம் மாதம் தொடங்கும் முன்பே குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஐந்து வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அனுப்பும்போது டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். குறைமாதக் குழந்தைகள் அபூர்வமாக மூச்சு விட மறந்துபோகும். இனி வராது என்று நம்புகிறோம், ஆனாலும் கவனம் வேண்டும். அப்படி மறந்தால் உள்ளங்காலில் சுண்டுங்கள். நிறம் மாறினால் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள்.

"மறந்துபோகும்" என்ற அந்த ஒரு சொல் தேன்மொழியைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் தட்டைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாட்களில் அவள் கண் குழிந்து, பேசினால் பாதி வாக்கியத்தில் நின்று போகிற நிலைக்கு வந்துவிட்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செல்வப்பிரியா அந்தப் பலகையை வைத்துத் தான் செய்த, மூச்சை அளக்கிற பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தாள்.

ஆய்வு வழிகாட்டி ஜோபி சார் வண்டிப்பெரியார் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழ் பேசி வளர்ந்தவர். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "தரவு எடுக்கக் கொண்டு போ. ஆனா இத நம்பி யாரும் புள்ளைய விட்டுட்டுப் போயிரக் கூடாது, கேட்டியா? இது லேப் சாமான். ஆசுபத்திரி சாமான் இல்ல" என்றார்.

அவள் வீட்டில் அதை அப்படியே சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சேலையில் தூரி கட்டக் கூடாது, ஆடினால் கருவி குழம்பும் என்று சொன்னபோது பெரியம்மாள் முணுமுணுத்தாள். "புள்ளையத் தூரில போடாம பலகைப் பொட்டில போடறதா? சந்தைக்குக் கொண்டு போற கோழிக்குஞ்சாட்ட!" ஆனாலும் சித்தி வீட்டிலிருந்து ஆடாத மரத்தொட்டில் வந்தது. பெட்டியை அதன் தலைமாட்டில் பொருத்தி, முன்பக்கம் ஒரே அளவில் வெட்டிய இரண்டு செம்புப் பலகைகளும் குழந்தையைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். ஒன்று அனுப்ப, ஒன்று கேட்க. மூடி இன்னும் செய்யவில்லை. பலகைகள் வெறுமனே இருந்தன. கூடத்துச் சுவரில் இருந்த வைஃபை ரவுட்டர் பத்தடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் கேட்கிறதா என்று பார்க்கத்தான் அவளும் நினைத்திருந்தாள்.

தொட்டில் காலியாக இருக்கும்போது, தலைமாட்டில் பெட்டியோடு இணைத்து வைத்த அவளுடைய லேப்டாப் திரையில் நேர்க்கோடு. குழந்தையைப் படுக்க வைத்தால் அலை. நிமிடத்துக்கு நாற்பத்தாறு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ணினாள். நாற்பத்தாறேதான். குழந்தையை எடுத்தால் மறுபடியும் நேர்க்கோடு. முப்பது தடவை இப்படிச் செய்து பார்த்தாள்.

மறுநாள் ஆயுத பூஜை.

மண்வெட்டி, மட்டை உரிக்கிற பாரை, மோட்டார் சுவிட்சுப் பெட்டி, வண்டி, அண்ணனின் லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் பெரியம்மாள் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுக்கொண்டே வந்தாள். செல்வப்பிரியா குளித்துவிட்டு வந்தபோது பெட்டிக்கும் ஆகியிருந்தது. பெட்டியின் மேல் பக்கம் அல்ல. முகம் என்று அம்மாவுக்குத் தோன்றிய இடத்தில், இரண்டு செம்புப் பலகைகளின் நடுவிலும், பன்னீரில் அரைத்த சந்தனம் கட்டைவிரல் அகலத்துக்கு.

"அம்மா, இதுக்கு மேல எதும் படக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு, புள்ளையக் காப்பாத்தற பொட்டிக்கு மட்டும் வெக்காம உடறதா கண்ணு? போ அக்கட்டால."

பஞ்சை நனைத்துக் கையில் எடுத்தாள். துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பூஜை நாளில், தொட்டிலின் தலைமாட்டில் வைத்த குங்குமத்தை அழிக்கக் கை வரவில்லை. அழித்துவிட்டு, பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று பஞ்சைக் கீழே வைத்தாள். சாயங்காலம் திரையில் அலை அழகாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்து நான்கு. எதையும் நான்கு தடவை பார்க்கிறவள், அன்றைக்குப் பார்க்கவில்லை. அந்தச் சந்தனத்தைக் கண்டபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அடங்கியது போல இருந்தது. பல வருடங்களில் முதல் முறையாக அவளுக்குப் பயமே இல்லை.

வீடும் மூச்சு விட்டது. தேன்மொழி தூங்கினாள், குளித்தாள், தலை வாரினாள். மோகனசுந்தரம் அந்தத் திரையைத் தன் கம்ப்யூட்டரிலும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவில், "நாப்பத்தி மூணு... நாப்பத்தஞ்சு... மகராசன்" என்று சொல்லிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை விட்டு வெயில் வந்திருந்தது. செல்வப்பிரியா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அறைக்குள் போனாள். திரையில் அலை ஓடியது. நாற்பத்து நான்கு. அவள் சிரித்துக்கொண்டே தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

தொட்டில் காலி.

விரிப்பு இருந்தது, அதில் சின்னத் தலையின் குழி இருந்தது, குழந்தை இல்லை. உள் அறையிலிருந்து தேன்மொழியின் குரல் கேட்டது. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்வப்பிரியா திரையைப் பார்த்தாள். யாரும் இல்லாத தொட்டில் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. நாற்பத்து நான்கு. பிறகு, உயிருள்ளது போலவே, நாற்பத்தைந்து.

அவள் தொட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கூடத்துக்குப் போய் ரவுட்டரை அணைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் நேர்க்கோடு. போட்டாள், அலை. அணைத்தாள், கோடு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. காய்ந்தும் காயாமலும் இருந்த சந்தனம் பிளவின் மேல் அப்பியிருந்தது. சந்தனத்துக்குள் அலை மெதுவாகப் போகும். அதனால் பதினாறு மில்லிமீட்டர் பிளவு அதைவிட நீண்ட பிளவு போல ஆகியிருக்கும். செவிட்டு இடம் கீழே சரிந்திருக்கும். வைஃபையின் கூச்சல் நேராக உள்ளே வந்திருக்கும். ஆனால் கூச்சல் எப்படி மூச்சு போலத் தெரியும்? அதுதான் அவளைக் கொன்றது, ஏனென்றால் பெட்டிக்கான கம்ப்யூட்டர் நிரலை எழுதியது அவள். குழந்தையின் மூச்சு வேகத்தில் வருகிறதை மட்டும் எடு, மற்றதைத் தள்ளு, எடுத்ததைத் திரை நிறையப் பெரிதாக்கு என்று எழுதியிருந்தாள். எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் அந்த நிரல் அதை வடித்து வடித்து மூச்சு மாதிரியே ஆக்கித் தரும்.

அப்படியென்றால் நான்கு நாட்களாக இந்த வீடு பார்த்துக்கொண்டிருந்தது எதை?

அவள் கை தானாக ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்தது. துடைத்துவிட்டால் போதும். ஐந்து நிமிடம். யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அண்ணிக்குத் தெரியவே வேண்டாம். அனுப்புகிற பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தேன்மொழி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். படுக்க வைத்தாள். போர்த்தினாள்.

"பிரியா, நான் போயித் துணி காயப் போட்டுட்டு வந்தர்றேன். மறுக்கா மழ வந்துரும். பொட்டி பாத்துக்கும்ல?"

பொட்டி பாத்துக்கும். செல்வப்பிரியாவின் கை பஞ்சோடு பாதியில் நின்றது.

"போகாதீங்க அண்ணி."

"ஏன்?"

"பொட்டி... தப்பாக் காட்டுது. நாலு நாளா தப்பாத்தான் காட்டியிருக்குது."

காதில் விழுந்தது தேன்மொழிக்கு உடனே ஏறவில்லை. குரல் கேட்டு மோகனசுந்தரம் வந்தான்.

"என்ன கெரகம், நெட்டு கட்டாயிருச்சு. எனக்கு மீட்டிங்கு இருக்குதுல்ல? யாரு அணைச்சது?"

"நான்தான். அண்ணா, போடாத, சித்த இரு, சொல்றேன்..."

அவன் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தான். ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சிறிது நேரத்தில் திரையில் அலை எழும்பியது.

"பாரு, நாப்பத்தி நாலு. நல்லாத்தான இருக்குது? உன்ற பயத்த எதுக்கு அவ மேல ஏத்தற? இப்பத்தான் அவ ரெண்டு நாளா மனுசியாட்ட இருக்கறா."

"காலித் தொட்டில்லயும் அது நாப்பத்தி நாலுதாங் காட்டுச்சு!"

"என்ன ஒளர்ற? புள்ள உள்ள இருக்குது, மூச்சு உடுது, அது காட்டுது. இதுக்கு மேல..."

"ஏனுங்க," என்றாள் தேன்மொழி. சத்தமே இல்லாத குரல். "கொழந்த மூச்சு உடுல."

அவள் திரையைப் பார்க்கவில்லை. தொட்டிலுக்குள் குனிந்திருந்தாள். குழந்தையின் வயிறு அசையவில்லை. உதட்டைச் சுற்றி நாவற்பழச் சாறு பட்டது போல ஒரு நிறம் படரத் தொடங்கியிருந்தது. தலைமாட்டில் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்து நான்கு.

தேன்மொழி பாதத்தைப் பிடித்துச் சுண்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் சுண்டினாள், இம்முறை நகம் படும்படி. மூன்றாவது சுண்டலுக்குக் குழந்தையின் கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. முகம் சுருங்கியது. நெஞ்சு ஒரு விக்கலோடு தூக்கிப் போட்டது, பிறகு மெலிந்த, கோபமான ஒரு அழுகை வந்தது.

திரையில் அப்போதும் நாற்பத்து நான்குதான். அழுகிற குழந்தைக்கும் அதே எண்.

மோகனசுந்தரம் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கார்ச் சாவியைத் தேடி ஓடினான்.

காரில் பின் இருக்கையில் தேன்மொழி குழந்தையின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்து வாய்விட்டு எண்ணினாள். பக்கத்தில் செல்வப்பிரியாவும் எண்ணினாள். பக்கத்துச் சித்தூர் தாண்டியதும் இருவர் எண்ணிக்கையும் ஒன்றிரண்டு வித்தியாசப்பட்டது. "நீங்க தப்பு, நான் சரி" என்று சொல்ல இருவருக்குமே தைரியம் இல்லை. முதலிலிருந்து எண்ணினார்கள். முன் இருக்கையில் பெரியம்மாள் திரும்பி உட்கார்ந்து, குழந்தையின் உதட்டு நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எத்தனை விநாடி நின்றது என்று டாக்டரம்மா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இதற்கு முன் இப்படி நின்றிருக்கிறதா என்று கேட்டார். தேன்மொழி செல்வப்பிரியாவைப் பார்த்தாள். நான்கு நாள் பதிவும் லேப்டாப்பில் இருந்தது. அதில் ஒரு விநாடியைக்கூட நம்ப முடியாது. "தெரியாதுங்க டாக்டர்" என்றாள் செல்வப்பிரியா. தன் வாழ்க்கையில் அவள் சொன்னதிலேயே கொடுமையான பதில் அதுதான்.

குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மருந்து தொடங்கினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் பெரியம்மாள் மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மோகனு சொன்னான். நீ எதையோ தொடச்சுட்டு இருந்தியாமா. நான் வெச்ச சந்தனமா அம்மிணி?"

செல்வப்பிரியா வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்கும் பயந்துகொண்டிருந்தாள். "சந்தனத்துனால தப்பாக் காட்டுச்சு. அது நெசம். ஆனா சந்தனம் பட்டா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தொடைக்காம உட்டேன், மறுக்கா ஒருக்கா காலித் தொட்டில வெச்சுப் பாக்காம உட்டேன். அதுதாம்மா தப்பு."

பெரியம்மாள் சந்தனம் வைத்த தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு, "எதெதுக்கோ பயப்படுவ, இதுக்குப் பயப்படாமப் போயிட்டியே" என்று மட்டும் சொன்னாள். அதில் கேலி இல்லை.

அடுத்த வாரம் கல்லூரியில், சந்தனம் இருந்த அந்த மற்றொரு பலகையைத் துடைக்காமலேயே அளவுக் கருவியில் மாட்டினாள். செவிட்டு இடம் ஐந்தரையிலிருந்து ஐந்துக்கும் கீழே சரிந்து கிடந்தது. ஜோபி சார் வரைபடத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். "இத ஆய்வேட்டுல எழுது. நல்லா வந்த படத்துக்குப் பக்கத்துலயே இதையும் போடு. யாரு வச்சா, எதுக்குத் தொடைக்கலன்னும் சேத்து எழுது" என்றார். அவள் எழுதினாள். நிரலையும் மாற்றினாள். இப்போது அது சந்தேகம் வந்தால் அலை வரையாது, 'தெரியவில்லை' என்று சொல்லும். பலகைகளுக்கு மூடி போட்டு, மூடியோடு சேர்த்துப் பிளவின் நீளத்தைத் திரும்பக் கணக்கிட்டாள். இருபத்திரண்டாவது பலகை வரை போயிருக்கிறது.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழந்தை இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தான். வந்து மூன்றாம் நாள் காலை செல்வப்பிரியா அறைக்குள் போனபோது தேன்மொழி தொட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மறுபடியும் குழிந்திருந்தது. இந்தப் பதினைந்து நாட்களில் அவள் செல்வப்பிரியாவிடம் நேராக எதுவும் பேசியிருக்கவில்லை.

"அந்தப் பொட்டிய சரி பண்ணிப்போட்டீங்களா?" என்றாள் தேன்மொழி. அவள் குரலில் மரியாதையும் இருந்தது, தூரமும் இருந்தது.

"பண்ணீட்டேன் அண்ணி. நூறு தடவ லேபுல ஒரு காலித் தொட்டில வெச்சுப் பாத்துட்டேன். நேர்க்கோடுதான் வருது."

"அப்பறம் ஏன் கொண்டாருல?"

"நூத்தி ஒண்ணாவது தடவ என்ன காட்டும்னு எனக்குத் தெரியாது."

தேன்மொழி தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு முழம் நகர்ந்தாள்.

"அப்ப நீங்க பாருங்க. நான் ஒரு மணிக்கூறு கண்ண மூடறேன்."

அவள் அங்கேயே பாயில் சரிந்து படுத்தாள். படுத்த உடனே தூங்கிப் போனாள். செல்வப்பிரியா தொட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சட்டைக்குள் சின்ன வயிறு ஏறியது, இறங்கியது. சிறிது நின்றது. அவளுடைய மூச்சும் நின்றது. ஏறியது. அவள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.